ரயிலில் ஏற்றாமல் அனுப்பிய கல்யாணம்

ரயில்வேயில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் நண்பர்களே, போன மழைக்காலத்தில் நாக்பூர் ஸ்டேஷனில், உங்கள் வயதுள்ள ஒரு பெண் என்னை ரயிலிலிருந்து இறக்கிவிட்டார். என்னிடம் டிக்கெட் இருந்தது, படுக்கை இருந்தது, மூத்த குடிமகன் என்ற மரியாதையும் இருந்தது. அப்படியும் இறக்கிவிட்டார். அவர் செய்தது மிகச் சரி என்று சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

குன்னூரிலிருந்து ஜபல்பூருக்குப் போய்க்கொண்டிருந்தேன். மறுநாள் காலை அங்கே சுந்தரம் என்ற என் நண்பருக்குச் சதாபிஷேகம். சென்னையில் ஏறி, இட்டார்சியில் இறங்கி வண்டி மாறுவதாகத் திட்டம். நாக்பூர் நெருங்கும்போது அந்தப் பெண் வந்தார். டிக்கெட் பரிசோதகர், கறுப்புக் கோட்டு, கையில் சிறிய கணினிப் பலகை. படுக்கை படுக்கையாக நின்று பேசிக்கொண்டே வந்தவர் என்னிடம் குனிந்தார்.

"அய்யா, இட்டார்சியில மாறி ஜபல்பூர் போறீங்கல்ல? நாக்பூர்ல இறங்கிக்குங்க. முன்னால பாதையில மண்ணு சரிஞ்சிருக்கு. இங்கிருந்து கோந்தியா வழியா இன்னொரு வண்டி போகுது. அதுல உக்கார இடத்துக்குச் சொல்லிட்டேன்."

"சரிவுதானேம்மா? எடுத்துருவாங்க. என் ஃபோன்ல வண்டி சரியான நேரத்துல போகுதுன்னு காட்டுதே."

"ஃபோனுக்கு மழை தெரியாதுங்கய்யா."

"நான் ஸ்டேஷன் மாஸ்டரா இருந்து ரிடையர் ஆனவன்."

"அப்படியா? அப்ப உங்ககிட்ட நான் இவ்வளவு பேசவே வேண்டியதில்லையே!"

எதிர்ப்படுக்கையில் இருந்தவர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். பிளாட்பாரத்தில் கால் வைத்த பிறகுதான் உறைத்தது. இதே பேச்சை நான் முன்பே கேட்டிருக்கிறேன், ஆனால் மறுபக்கத்தில் நின்று. அன்று இறங்கச் சொன்னவன் நான். இறங்க மாட்டேன் என்றவர் இந்தச் சுந்தரத்தின் அப்பா.

காலத்தைச் சரியாகக் குறித்துவிட்டுத்தான் எதையும் சொல்வது என் வழக்கம். மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. சென்னைக்கு எங்கள் வாயில் இன்னும் மெட்ராஸ்தான். குன்னூருக்குக் கீழே மலை ரயிலைத் தள்ளியது நிலக்கரி எஞ்சின். தீபாவளி முடிந்த அடுத்த வாரம், புதன்கிழமை, பிற்பகல். குன்னூர் ஸ்டேஷனில் நான் உதவி மாஸ்டர். பெரிய மாஸ்டர் விடுப்பில் இருந்ததால் பொறுப்பு முழுவதும் என்னிடம்.

அன்றைய நெடும்பயணம் எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியாது. தெரியாமல் போனதில் ஒரு நஷ்டமும் இல்லை. இந்த முறை நான் கையில் ஒரு பையோடு கிளம்பினேன். டிக்கெட் சட்டைப் பையில் இருந்த ஃபோனில். வெள்ளை விரிப்பும் போர்வையும் வண்டியிலேயே கொடுத்தார்கள். பல்லார்ஷா ஸ்டேஷனில் சூடான சப்பாத்தி என் பெயர் சொல்லி இருக்கைக்கே வந்தது. அன்று வடக்கே போகிறவர் வீட்டையே கட்டிக்கொண்டு போனார். மெத்தைச் சுருள், மண் கூஜா, புளிச்சோறு, மண்ணெண்ணெய் அடுப்பு. அடுத்த ஊரில் ஏறப்போகும் வண்டியில் படுக்கை கிடைத்ததா என்பதற்குத் தந்தி வர வேண்டும். வராமலேயே கிளம்பியவர்கள் உண்டு. பழைய காலம் பொற்காலம் என்று யாராவது சொன்னால், ஜன்னல் வழியாகக் கரித்தூள் கண்ணில் விழுந்த அனுபவம் அவருக்கு உண்டா என்று கேளுங்கள்.

அந்தப் புதன்கிழமைக்கு வருகிறேன். அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் போர்மேனாக இருந்தவர் ரங்கசாமி. அவர் மகன் சுந்தரமும் அங்கேயே வேலை. பெண் ஜபல்பூரில். அங்கும் படைக்கலத் தொழிற்சாலைகள் உண்டு. இங்கிருந்து மாற்றலாகிப் போன ஒரு சிநேகிதரின் மகள் வசந்தா. தொழிற்சாலைக் குடும்பங்களில் இப்படி நாட்டின் குறுக்கே சம்பந்தம் செய்வது சகஜம். ஞாயிற்றுக்கிழமை அதிகாலை ஜபல்பூரில் முகூர்த்தம். புதன் மாலை மேட்டுப்பாளையத்தில் மெட்ராஸ் எக்ஸ்பிரஸைப் பிடித்தால், வியாழன் மெட்ராஸ், அங்கிருந்து வடக்கே போகும் வண்டி, சனிக்கிழமை ஜபல்பூர். புதன்கிழமை வண்டியை விட்டால் மெட்ராஸில் பிடித்து வைத்த படுக்கைகள் போய்விடும். அதற்குப் பிறகு எப்படிப் புரண்டாலும் ஞாயிறு முகூர்த்தத்துக்கு மாப்பிள்ளை போய்ச் சேர முடியாது.

அருவங்காட்டில் அவர்களை ரயிலேற்றிவிட ஒரு குடியிருப்பே திரண்டிருக்கிறது. மாலை, நாகசுரம், ஆரத்தி எல்லாம் பிளாட்பாரத்திலேயே. ஊட்டியிலிருந்து வந்த வண்டி அந்தக் கோஷ்டியை ஏற்றிக்கொண்டு குன்னூருக்கு வந்து நின்றது. இங்கே எஞ்சின் மாற்றி, பல்சக்கரப் பாதையில் இறங்க வேண்டும். காலையிலிருந்து விடாத மழை. நான் வண்டியை நிறுத்தி வைத்தேன். கீழே ஹில்குரோவ் பக்கம் பாதையில் கல்லும் மண்ணும் விழுந்திருப்பதாகச் செய்தி வந்திருந்தது.

மணமகன் வீட்டார் பிளாட்பாரத்தில் இறங்கினார்கள். முப்பது பேருக்கு மேல் இருக்கும். அவர்களோடு இறங்கியது ஓர் ஆட்டுக்கல். நிஜமான கல், குழவியோடு, சாக்கில் கட்டி, மேலே மஞ்சள் குங்குமம் வைத்து. சுந்தரத்தின் அத்தை பாப்பாத்தியம்மாள் அதன் பக்கத்திலேயே காவல் நின்றார்.

"ஏனுங்கம்மா, ஆட்டுக்கல்லுமா?" என்றேன்.

"பின்னே? வடக்க இட்லிக்கு மாவு எதுல ஆட்டுவாங்க? அங்க எல்லாம் ரொட்டியத் தட்டித் திங்கறவிய. நம்ம பையன் கல்யாணத்துல இட்லி இல்லாம பந்தி போட்டா, நாளைக்கு அருவங்காட்டுல தலை நிமிர முடியுமுங்களா?"

ரங்கசாமி என் அறைக்கு வந்தார். நிமிர்ந்த மனிதர். அவர் வரும்போது தொழிற்சாலைச் சங்கு ஊதும் என்று சொல்வார்கள், அவ்வளவு நேரம் தவறாதவர்.

"ஏனுங்க மாஸ்டரு, வண்டி எப்பக் கெளம்பும்?"

நம் தொழிலில் இந்தக் கேள்விக்குத் தயாராக ஒரு பதில் வைத்திருப்போம். 'கொஞ்ச நேரத்துல கெளம்பிரும்.' அதைச் சொன்னால் கேட்டவர் போய் உட்கார்ந்துகொள்வார். நமக்கும் நிம்மதி. ஸ்டேஷன்காரன் மட்டுமே செய்யக்கூடிய தவறு இது. பொய் சொல்ல வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. பாதையில் வேலை செய்கிறவர் நம்மிடம் அப்படிச் சொல்கிறார், நாம் பயணியிடம் சொல்கிறோம். நம்பிக்கை கைமாறிக் கைமாறி வந்து, கடைசியில் உறுதிமொழி மாதிரி ஆகிவிடுகிறது. அந்தப் பதில் அன்று என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"கேட்டுச் சொல்றேனுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தொலைபேசியை எடுத்தேன்.

ஹில்குரோவ் மாஸ்டர் எனக்கு நல்ல பழக்கம். ஒரே நேரத்தில் பயிற்சி முடித்தவர்கள்.

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஆச்சு, ஆச்சு. ஆளுங்க எடுத்துட்டிருக்காங்க. கொஞ்ச நேரத்துல ஆயிரும்."

"அதை விடு. இந்த மழையில, இன்னிக்குச் சாயந்திரம் மொதல்ல போற வண்டியில, உன் மகளை உக்கார வெச்சு அனுப்புவியா?"

மறுமுனையில் மழைச் சத்தத்துக்கு நடுவே அவர் குரல் தாழ்ந்தது.

"என்னடா இப்படிக் கேக்கற" என்றார். "மாட்டேன். மேல மண்ணு இன்னும் வழிஞ்சுக்கிட்டுத்தான் இருக்கு."

இந்தக் கேள்வியை வைத்துக்கொள்ளுங்கள். எப்போது முடியும் என்று கேட்டால் ஆசையைப் பதிலாகச் சொல்வார்கள். உன் வீட்டு ஆளை அனுப்புவாயா என்று கேட்டால் தெரிந்ததைச் சொல்வார்கள்.

அடுத்து, வண்டிகளின் ஓட்டத்தைக் கவனிக்கும் கன்ட்ரோலுக்குப் பேசினேன். அவர்கள் கோணம் வேறு. "ரத்துன்னு சொல்லாதீங்க. பாதை சரியானா வண்டி ஓடும். பயணிகளைக் காத்திருக்கச் சொல்லுங்க." அவர்கள் சொன்னதில் தவறில்லை. வண்டியை ரத்து செய்யும் அதிகாரம் எனக்கு இல்லை. ஆனால் எனக்குத் தெரிந்ததைப் பயணியிடம் சொல்லக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்த சிறு இடத்தில்தான் நான் அன்று நின்றேன்.

ரங்கசாமியிடம் போனேன். "வண்டி ரத்தாகலீங்க. ஆனா அதை நம்பி உக்காந்தா எக்ஸ்பிரஸைப் புடிக்க முடியாதுன்னு நான் நெனைக்கிறேன். ரோட்டுல சரிவு இல்லைன்னு பஸ்காரங்க சொல்றாங்க. வெளிச்சம் இருக்கும்போதே அந்த வழியா இறங்கிருங்க."

அவர் முகம் சிவந்தது. "நெனைக்கிறீங்களா? மாஸ்டரு, மேளம் கொட்டி ரயிலேத்தி உட்டிருக்காங்க. இன்னும் குன்னூரக் கூடத் தாண்டலீங்க, அதுக்குள்ள இறங்கிப் பஸ்ஸுல போனான்னு ஊரு பேசாதா? வண்டி பின்னாலயே வந்து எங்களுக்கு முன்ன போயிருச்சுன்னா?"

"போனா என்னையத் திட்டுங்க."

"திட்டறதோட உட்ருவனா?"

சுந்தரம் முன்னால் வந்தார். கழுத்தில் மாலையோடு நின்றிருந்தவர் மெதுவாகச் சொன்னார். "அப்பா, வண்டி முன்னப் போனா நமக்கு வெக்கம். வண்டி போகலீன்னா அங்க அந்தப் புள்ள மணவறையில ஒத்தையில உக்காந்திருக்கும். எது பெருசுங்க?"

ரங்கசாமி மகனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "சரி. எதுல போறது?"

அந்தக் கேள்விக்கு நான் முன்பே தயாராக இருந்தேன். மேட்டுப்பாளையம் பஸ்ஸில் பாதி இடம்தான் இருந்தது. பெண்களையும் வயதானவர்களையும் அதில் ஏற்றினோம். மற்றவர்களுக்கு வண்டி ஸ்டேஷன் வாசலிலேயே நின்றது. ரயிலில் அனுப்புவதற்காகத் தேயிலைப் பெட்டிகளைக் கொண்டுவந்து இறக்கிய எஸ்டேட் லாரி. தேயிலையும் இனி இன்று போகப் போவதில்லை, லாரி காலியாகத்தான் திரும்ப வேண்டும். டிரைவரிடம் கேட்டேன்.

"கல்யாண மாப்பிள்ளைய லாரியில ஏத்தறதா?" என்று அவர் தலையைச் சொறிந்தார். "தார்ப்பாய் போட்டிருக்கு, நனைய மாட்டாங்க. ஆனா தூளு வாசம் அடிக்குமுங்க."

"நீலகிரி மாப்பிள்ளை வேற எப்படி வாசம் அடிப்பான்?" என்றார் கோஷ்டியில் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். பயம் அந்தச் சிரிப்பில் பாதி குறைந்தது.

சிக்கல் ஆட்டுக்கல்லில் வந்தது. பஸ்ஸில் கண்டக்டர் மறுத்துவிட்டார். மலைப்பாதையின் வளைவுகளில் உருண்டால் லாரியில் உட்கார்ந்திருப்பவர்களின் கால் போய்விடும். பாப்பாத்தியம்மாள் அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"கல்லு வராட்டி நானும் வரலீங்க."

"அத்தை, தாலி யாருகிட்ட இருக்குது?" என்றார் சுந்தரம்.

"எம்பட மடியிலதான்."

"அப்ப நீங்க வந்துதான் ஆகணும்."

அவர் எழுந்தார். என்னைச் சுட்டுவிரலால் குறி பார்த்தார். "மாஸ்டரு, இது உங்க பொறுப்பு. நான் திரும்பி வந்து கேப்பேன்."

பஸ்ஸும் லாரியும் கிளம்பின. நான் மேட்டுப்பாளையத்துக்குப் பேசினேன். எக்ஸ்பிரஸை நிறுத்தி வையுங்கள் என்று கேட்கவில்லை. ஒரு கல்யாணத்துக்காக மற்ற பயணிகளின் நேரத்தைக் கேட்க எனக்கு உரிமை இல்லை. "இவங்க ரோட்டு வழியா வர்றாங்க. மலை வண்டியில வரலீன்னு படுக்கையை வேற யாருக்கும் குடுத்துராதீங்க" என்று மட்டும் கேட்டேன். அது நியாயமான வேண்டுகோள். உடனே ஒப்புக்கொண்டார்கள்.

அதன் பிறகு நடந்ததுதான் என் வாழ்க்கையில் மறக்க முடியாத பகுதி. லாரி போய்ச் சற்று நேரத்துக்கெல்லாம் ஹில்குரோவிலிருந்து மணி அடித்தது. பாதை சுத்தமாகிவிட்டது. கன்ட்ரோல் வண்டியை விடச் சொன்னது. எஞ்சின் கூவியது. பிளாட்பாரத்தில் தனியாகக் கிடந்த ஆட்டுக்கல்லைப் பார்த்துப் போர்ட்டர் ஒருவர் கேட்டார். "மாஸ்டர், இதையாவது வண்டியில ஏத்தி உட்ரட்டுங்களா?"

"வேண்டாம்" என்றேன். எரிச்சலில் சொன்னதுதான்.

நான் சொல்லியும் காத்திருந்த மீதிப் பயணிகளோடு வண்டி இறங்கியது. ரங்கசாமி மேட்டுப்பாளையம் பிளாட்பாரத்தில் நின்று அதன் வரவைப் பார்க்கும் காட்சி என் கண்ணில் ஓடியது. அவர் வார்த்தைகளும் காதில் கேட்டன. ஆனாலும் ஒன்று சொல்கிறேன். அப்போதும் நான் எடுத்த முடிவு சரிதான். முடிவு என்பது அந்த நேரத்தில் கையில் இருக்கும் உண்மையை வைத்து எடுப்பது. பின்னால் வரும் அதிர்ஷ்டத்தை வைத்து அதற்கு மார்க் போடாதீர்கள்.

அதிர்ஷ்டத்தைச் சோதிக்க வேண்டிய தேவையும் வரவில்லை. வண்டி ஹில்குரோவை அடைவதற்கு முன்பே, வளைவில் எச்சரிக்கையாக ஊர்ந்து வந்த டிரைவர் முன்னால் புதிய சரிவைக் கண்டு நிறுத்தினார். ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. பத்திரமாகத் திரும்பி வந்தார்கள். அவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது மேட்டுப்பாளையத்திலிருந்து தொலைபேசி வந்தது.

"உங்க கல்யாண கோஷ்டி மொத்தமும் ஏறியாச்சு. எக்ஸ்பிரஸ் சரியான நேரத்துக்குக் கெளம்பிருச்சு. பெட்டி பூரா ஒரே தேயிலை வாசம்ங்க!"

நான் ஓங்கிக் கத்தியதில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். விஷயத்தைச் சொன்னதும், எக்ஸ்பிரஸைத் தவறவிட்டுக் குளிரில் நின்ற அந்த மனிதர்களும் கை தட்டினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தத்தில் தாலி ஏறியது. பாதை சரியான பிறகு ஒரு காலை வண்டியில் புதுமணத் தம்பதியோடு எல்லோரும் குன்னூரில் வந்து இறங்கினார்கள். ரங்கசாமி மருமகளை நேராக என் அறைக்கு அழைத்து வந்தார்.

"இவருதாம்மா. நம்மள ரயில்ல ஏத்தாம உட்ட ஸ்டேஷன் மாஸ்டரு."

வசந்தா கும்பிட்டார். பாப்பாத்தியம்மாள் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். "கல்லு எங்கீங்க?"

கல் பத்திரமாக இருந்தது. போர்ட்டர்கள் அதற்குள் அதில் சட்னி அரைத்துப் பழகிவிட்டார்கள் என்பதை நான் சொல்லவில்லை. "கல்யாணத்துல இட்லி எப்படிங்கம்மா?" என்று கேட்டேன்.

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சுந்தரம்தான் சொன்னார். "அந்தக் குடியிருப்புல பூரா நம்ம ஊருச் சனமுங்க. ஊட்டுக்கு ஊடு ஆட்டுக்கல்லு கெடக்குது!"

இவ்வளவும் நாக்பூர் பிளாட்பாரத்தில் நினைவுக்கு வந்தது. கோந்தியா வழி வண்டி வந்தது. அந்த வழி அன்று பாதி தூரம் பொம்மை ரயில் மாதிரி ஓடும் குறுகிய பாதை, சுற்றிப் போக அவசரத்துக்கு உதவாது. இன்று அது அகலப் பாதை. அன்று எனக்கு ஒரு தேயிலை லாரிதான் கிடைத்தது, அந்தப் பெண்ணுக்கு ஒரு முழு ரயிலே கிடைத்தது. முன்னேற்றம் என்றால் இதுதான். பயணி சங்கடத்தில் மாட்டும்போது நம் கையில் இன்னொரு வழி இருக்க வேண்டும். ஆனால் அந்த வழி இருப்பதை ஒரு மனிதர் படுக்கை படுக்கையாக வந்து சொன்னதால்தான் எனக்குத் தெரிந்தது. என் ஃபோன், நான் இறங்கி வெகுநேரம் கழித்தும், வண்டி சரியான நேரத்தில் ஓடுவதாகவே காட்டிக்கொண்டிருந்தது.

பயணி உங்களிடம் "வண்டி எப்ப வரும்" என்று கேட்பார். அவர் உண்மையில் கேட்பது, "நான் இப்ப என்ன செய்யட்டும்" என்பதை. இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்.

மறுநாள் காலை சதாபிஷேகத்துக்கு ஹோமம் தொடங்குவதற்கு முன்பே ஜபல்பூரில் இருந்தேன். சுந்தரம் இப்போது மகனோடு அங்கே வசிக்கிறார். மாலை மாற்றி முடிந்ததும் வசந்தாம்மா என் கையைப் பிடித்து வீட்டின் பின்பக்கத்துக்கு அழைத்துப் போனார். கிரைண்டரும் மிக்சியும் இருக்கும் சமையலறையைத் தாண்டி, குழாயடியில், அன்று ஆட்டிய மாவின் ஈரத்தோடு அந்தக் கல் இருந்தது. பக்கத்தில் அதே குழவி. அருவங்காட்டு வீட்டைக் காலி செய்தபோது ரயில் பார்சலில் போட்டுக் கொண்டுவந்தார்களாம்.

"பாருங்க மாஸ்டரு" என்றார் அவர், இத்தனை வருடத்தில் நன்றாகவே படிந்துவிட்ட எங்கள் ஊர்ப் பேச்சில். "எங்க கல்யாணத்துக்குக் கெளம்புன கல்லு. கொஞ்சம் லேட்டுங்க. ஆனா வந்து சேந்துருச்சு."

பந்தியில் எனக்கு முதல் இலை. இட்லி பூப்போல இருந்தது.